இடது பக்கத்து இரும்பு

இன்று காலை என் கடை வாசலில் ஒருவன் இன்னொருவனை அறைந்தான். இரண்டு பேரும் ஷேர் ஆட்டோக்காரர்கள். யார் முதலில் ஆள் ஏற்றுவது என்ற தகராறு. நான் உள்ளே எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். அறை விழுந்த சத்தம் வலது காதில் மட்டும் கேட்டது. இடது காதுதான் நீ அறைந்த அன்றே செத்துவிட்டதே. ஆனாலும் என் கை அந்தப் பக்கம் போய்க் காதைப் பொத்திக்கொண்டது. பிடித்திருந்த கம்பி அறுந்தது. அதற்குமேல் வேலை ஓடவில்லை. ஷட்டரை இறக்கினேன். பெஞ்சுக்கடியில் சாக்கு சுற்றிக் கிடந்த டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அரியலூர் ரோட்டில் நீ அடிபட்டுக் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் பொறுக்கியது அது. நீ போன பிறகு இன்றுதான் அதைப் பிரித்துப் பார்க்கிறேன்.

செத்துப்போனவனுக்கு எழுதினால் நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். உனக்கு எழுத உட்கார்ந்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. எதிரில் நின்றால் இன்றைக்கும் ஒன்று வைப்பேன்.

நம் பழக்கமே அடியில்தான் தொடங்கியது. அந்தக் கோடையில் வாலிகண்டபுரத்திலிருந்து உன் போர் மோட்டாரை டெம்போவில் கொண்டுவந்து கடைக்கு முன்னால் உருட்டிவிட்டாய். நான் காயில் கட்டிக்கொடுத்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை, மறுபடி எரிந்திருந்தது. காட்டில் உன் சின்ன வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. உன் கண் இரண்டும் சிவந்திருந்தன. பிரித்துப் பார்த்தேன். தண்ணீரே படாமல் ஓடி வெந்துபோயிருந்தது.

"போர்ல தண்ணி இல்லாம ஓட்டுனா எரியாம என்னய்யா செய்யும்? என் வேலையில வந்து குத்தம் சொல்ற?" என்றேன்.

அறைந்துவிட்டாய். ஊர் ஊராக மைக்செட் குழாய்களை மரத்தில் ஏற்றி இறக்கிக் காய்த்துப்போன கை உன்னுடையது. தலைக்குள் ஒரு விசில் கிளம்பியது, கழுத்து வரை ரத்தம் இறங்கியது. நானும் சும்மா நிற்கவில்லை. கைக்கு அகப்பட்ட சுத்தியலை வீசினேன், உன் புருவம் பிளந்தது. சட்டையெல்லாம் ரத்தமாக இரண்டு பேரும் ஸ்டேஷன் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பக்கமும் அடி என்பதால் சமாதானமாகப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் புருவத்தில் பிளாஸ்திரியோடு நீயே வந்து நின்றாய். "வண்டியில ஏறு. திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாய். காது டாக்டர் பார்த்துவிட்டு, சவ்வு கிழிந்ததோடு அதற்குப் பின்னால் இருக்கிற பொடி எலும்பும் நழுவிவிட்டது என்றார். பிறகு ஓர் இரும்புக் கவையைத் தட்டினார். அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே காம்பை என் நெற்றியில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். வலியும் வெறியுமாக இருந்தேன். அவர் கையைத் தட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நீ மட்டும் உள்ளே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாய். வெளியே வந்து எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாய். ஆபரேஷன் செய்து பார்க்கலாமாம் என்றாய். இந்தக் காதின்மேல் இனி எவன் கையும் படக்கூடாது என்று கத்தினேன். டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு நீ தினம் கடைக்கு வரத் தொடங்கினாய். ஏன் வந்தாய், நான் ஏன் விட்டேன் என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. நமக்குள் சண்டை வராத வாரம் இருந்ததில்லை. நீ ஸ்டூலை உடைத்திருக்கிறாய். நான் உன் சட்டையைக் கிழித்திருக்கிறேன். உன்னைத் தவிர வேறு யாரோடும் என்னால் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்க முடிந்ததும் இல்லை.

எனக்கு உன்னிடமிருந்து வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். 'தப்புதான்டா' என்ற ஒரு வார்த்தை. கேட்டும் பார்த்துவிட்டேன். "அதச் சொன்னா காது முளைச்சிருமா?" என்பாய். உன் வாயில் அது வரவே இல்லை. சின்ன விஷயம்தான், விட்டுத்தொலை என்று மலர்க்கொடி சொல்லுவாள். அவள் என் மனைவி, உன்னை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டவள். அவளிடம்கூட நான் அந்தப் பேச்சை எடுக்க விட்டதில்லை. வீட்டில் காது என்று யாராவது சொன்னால் சாப்பாட்டுத் தட்டு பறக்கும்.

உன் மைக்செட் தொழில் முடிந்ததும் அடிதடியில்தான். ஓர் ஊர்த் திருவிழாவில் குழாய் எந்தத் தெருவைப் பார்த்து இருக்க வேண்டும் என்று இரண்டு தெருக்காரர்களுக்கும் வாய் முற்றிக் கைகலப்பானது. கடைசியில் எல்லாரும் சேர்ந்து உன்மேல் விழுந்தார்கள். உன் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் பாறையில் போட்டார்கள். குழாய்களை அரிவாளால் கொத்தினார்கள். நீ நான்கு பாட்டரிகள்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு முதுகில் அத்தனை அடியையும் வாங்கினாய். நான் பார்க்க வந்தபோது முதுகைக் காட்டிச் சிரித்தாய். "பாட்டரியக் காப்பாத்திட்டேன் மாப்ள" என்றாய். அந்தப் பாட்டரிகளும், நசுங்கிய குழாய்களின் பின்னாலிருந்து கழற்றிய லைன் டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டும்தான் உனக்கு மிஞ்சியவை.

அந்த முதுகு ஆறும் முன்பே ஸ்டீரியோ பைத்தியம் உனக்குப் பிடித்தது. லப்பைக்குடிக்காட்டில் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய ஒரு பாய் வீட்டில் மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் இரண்டு இருப்பதாக உன் காதில் விழுந்திருக்கிறது. என் வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். பெட்டிகள் நன்றாகத்தான் இருந்தன. குறைந்த வாட்டிலேயே வீடு நிறையப் பாடும் ரகம்.

"ஒண்ணு போதும் பாய்," என்றேன் நான். "எனக்கு இருக்கிறது ஒத்தக் காது. ரெண்டு பெட்டிய வச்சி என்ன பண்றது?"

பாய் தலையை ஆட்டிவிட்டார். "மன்னிச்சுக்குங்க. ஜோடியப் பிரிச்சுத் தர மனசு வராது. எடுத்தா ரெண்டையும் எடுங்க, அல்லாஹ் பரக்கத் செய்வான்."

"ரெண்டும்தான்," என்றாய் நீ. "இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. இவன் பேச்ச வுடுங்க பாய்."

ஒத்தக் காதுக்காரன் வீட்டில், காதைக் கெடுத்தவனே வந்து ஸ்டீரியோ வைக்கிறான். இதைவிட ஒரு கிண்டல் உண்டா? வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். நீ ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வேடிக்கை பார்க்கிறவன் போல ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆம்ப்ளிஃபயரும் பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடி வால்விலேயே செய்ய வேண்டும் என்றாய். அங்கே மலர்க்கொடி குறுக்கே வந்தாள். அவள் தம்பி, பன்றிக்காக மக்காச்சோளக் காட்டில் எவனோ இழுத்துவிட்ட கரண்ட் கம்பியில் கருகிச் செத்தவன். வால்வு என்றால் முந்நூறு வோல்ட் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"முந்நூறு வோல்ட்டு சாமான் இந்த வூட்டுக்குள்ள வந்துச்சு, நான் வெளிய போயிடுவேன் அண்ணே. ஒருத்தனப் பாடையில ஏத்துனது போதும்" என்றாள்.

நீ அவளிடம் மட்டும் கத்தியதில்லை. "நாப்பத்தெட்டு வோல்ட்டு தாயி, அதுக்கு மேல ஒரு பொட்டு ஏத்த மாட்டேன். கையால தொட்டாலும் ஒண்ணும் ஆவாது" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தாய். மைக்செட் பாட்டரிகள் நான்கையும் வரிசையாக இணைத்தால் நாற்பத்தெட்டு வோல்ட். பழைய கறுப்பு வெள்ளை டி.வி.களில் இருந்த பருத்த வால்வுகள் அந்தக் குறைந்த அழுத்தத்திலும் வேலை செய்யும் என்று எங்கேயோ தெரிந்துகொண்டு, தேடிப் பிடித்தும் வந்துவிட்டாய்.

வால்வு கிடைத்துவிட்டது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான் நம் இருவர் உயிரையும் வாங்கியது. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கிற தரகர் அது. தரகர் சரியில்லை என்றால் இந்தப் பக்கத்துப் பாட்டு அந்தப் பக்கம் போய்ச் சேராது. முதலில் பழைய வால்வு ரேடியோவில் இருந்ததை எடுத்துப் போட்டாய். அது அதிக வோல்ட்டுக்குக் கட்டியது. நம் நாற்பத்தெட்டுக்குக் கொசு பாடுவது போலக் கேட்டது. அடுத்து உன் மைக்செட் லைன் டிரான்ஸ்ஃபார்மர்கள். அளவு ஏறத்தாழ ஒத்துவந்தது, குரல் கணீரென்று வந்தது. ஆனால் தவில் அடி விழும்போதெல்லாம் சத்தம் உடைந்தது. இரும்பு போதவில்லை என்றேன். என் குழாய்ச் சாமானைக் குறை சொல்கிறாயா என்று எகிறினாய். வால்வுக்கு வரும் கரண்ட் அதன் வழியே ஒரே பக்கமாக ஓடுகிறது, இவ்வளவு சின்ன இரும்பு அதைத் தாங்காது என்று கரும்பலகையில் எழுதாத குறையாகச் சொன்னேன். அன்றைக்கு என் டெஸ்டர் ஜன்னல் வழியே பறந்தது.

கடைசியில் அரியலூர் காயலான் கடை ஒன்றிலிருந்து தடித்த ஒன்றைக் கொண்டுவந்தாய். பிரித்துப் போட்ட கல் கிரஷரின் கன்ட்ரோல் பெட்டியிலிருந்து கழற்றியது. இருநூற்று முப்பது வோல்ட்டை இருபத்திநாலாக இறக்கும் வகை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வுப் பக்கம் எழுநூறு ஓம் சொச்சம் வந்தது. அந்த வால்வு ஆசைப்பட்டது ஏறக்குறைய அதைத்தான். தகடுகளையெல்லாம் உருவி, E எழுத்து போல வாய் திறந்தவற்றை ஒரு பக்கமும் பட்டையானவற்றை மறு பக்கமும் அடுக்கினேன். நடுவில் மோட்டாருக்குப் போடும் தாளை வைத்து இறுக்கினேன். அந்த மயிரிழை இடைவெளி இருந்தால்தான் இரும்புக்கு மூச்சு முட்டாது. வலது பக்கத்தில் அதை மாட்டிப் பாட்டு போட்டதும் நீ எழுந்து நின்றுவிட்டாய். அரிசி மாவு சலித்துக்கொண்டிருந்த மலர்க்கொடி சல்லடையை அப்படியே வைத்துவிட்டு வந்து நின்றாள்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். உன்னால் முடியாது.

தகடு அதிர்கிறதா என்று பார்க்க நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். முனையை இரும்பில் ஊன்றி, பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்தினால் பேரிங் கிறீச்சிடுவதும் தகடு ஆடுவதும் கேட்டுவிடும். முன்பெல்லாம் இடது காதில் வைப்பேன், அதற்குப் பிறகு வலதுக்கு மாற்றிக்கொண்டேன். நீ சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு சொன்னாய்:

"அந்தச் செத்த காதுல வச்சிப் பாருடா."

எனக்குக் கண் இருண்டது. இவ்வளவு வருடம் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாதவன், என் வீட்டில் உட்கார்ந்து என் காதை நக்கல் செய்கிறான் என்றுதான் தோன்றியது. பக்கத்தில் கிடந்த லைன் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து உன்மேல் எறிந்தேன். தோள்பட்டையில் பட்டது. நீ பாய்ந்து என் கழுத்தைப் பிடித்தாய். இரண்டு பேரும் தரையில் உருண்டோம். உன் விரலைக் கடித்துவிட்டேன். மேலே வலது பெட்டி அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. மலர்க்கொடி ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து எங்கள் இருவர்மேலும் ஊற்றினாள்.

"நாப்பத்தெட்டு வோல்ட்டுதான? ஒண்ணும் ஆவாதுன்னீங்கல்ல? நல்லா நனைங்க" என்றாள்.

நீதான் முதலில் சிரித்தாய். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே எழுந்து, "காயலான் கடையில இதுக்கு ஜோடி கெடக்கு. காலைல போயி எடுத்துட்டு வந்துடறேன். ஜோடி வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நீ கூடத்தில் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு மலர்க்கொடியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது. என்ன என்று நான் அப்போது கேட்கவில்லை.

சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி. அரியலூர் ரோட்டில் அது யாரை வேண்டுமானாலும் அடிக்கும், மறுநாள் காலை உன்னை அடித்தது. செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது உன்மேல் யாரோ ஒரு வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். வண்டி இரண்டாக மடிந்து கிடந்தது. ரோட்டை மறித்து ஊரே நின்றது. லாரிக் கண்ணாடி ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தது. நானும் கல் எடுத்தேன். டிரைவரை இழுத்துப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே புகுந்து நானும் அடித்தேன். முதுகு, வயிறு, தோள் என்று கை வலிக்க அடித்தேன். அந்த ஆள் முகத்தை மூடிக்கூடக் கொள்ளவில்லை. காது இரண்டும் எனக்கு நேராகத்தான் இருந்தன. அவற்றை மட்டும் என் கை தொடவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. போலீஸ் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துப்போட்ட இடத்தில், கருவேலம் புதருக்குள் அந்த டிரான்ஸ்ஃபார்மர் கிடந்தது. ஒரு மூலை நசுங்கி, மண் அப்பியிருந்தது. அதைக் கட்டிக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. உன்னைத் திட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் போய்விட்டாயே என்று, வாயில் வரக்கூடாததெல்லாம் சொல்லித் திட்டினேன்.

இன்று அந்த இரும்பைப் பிரித்தேன். காயில் பிழைத்திருந்தது. தகடுகளை வலதில் செய்தது போலவே அடுக்கித் தாள் வைத்தேன். நசுங்கிய மூலையில் மட்டும் எவ்வளவு தட்டியும் அவை ஒன்றோடொன்று படியவில்லை. இருக்கட்டும் என்று இடது பக்கத்தில் மாட்டினேன். பாட்டரிகளுக்கு நேற்றே சார்ஜ் ஏற்றியது போல மலர்க்கொடி எல்லாவற்றையும் தயாராக எடுத்து வைத்தாள். நீ இல்லாத இத்தனை நாளும் அவள்தான் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிச் சார்ஜ் போட்டு வைத்திருந்தாளாம், எனக்குத் தெரியாது. வால்வுகள் சூடேறின. நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டேன். எனக்கு எப்போதும் போல வலது பக்கம்தான் கேட்டது.

ஆனால் எங்கேயோ ஒரு ரீங்காரம். புது இரும்பின் தகடுதான் ஆடுகிறது. ஸ்குரூ டிரைவரை அதில் ஊன்றி வலது காதில் வைத்தால், வலது பெட்டியின் சத்தம் அதை அமுக்கியது. எரிச்சல் தாங்காமல் வலது காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு, பிடியை இடது காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்தினேன். நாற்பத்தெட்டு வோல்ட் என்பதால் பயமில்லாமல் தலையை ஒட்டவைக்க முடிந்தது.

தவில் விழுந்தது. இடது பக்கம், தலைக்குள், ஓர் அறை போல. அடுத்து இன்னொன்று. பிறகு தொடர்ச்சியாகச் சரமாரி. நாதஸ்வரம் வலதில் இருந்திருக்கிறது, தவில் முழுக்க இடதில் இருந்திருக்கிறது. இந்தக் கச்சேரியைப் பல தடவை கேட்டிருக்கிறேன், இவ்வளவு தவில் அதில் இருந்தது எனக்குத் தெரியாது. நசுங்கிய மூலையில் தகடுகள் ஒவ்வோர் அடிக்கும் துள்ளி, அந்தத் துள்ளல் கம்பி வழியாக எலும்புக்குள் ஏறியது. நீ அடித்த அதே இடத்தில் அடி மேல் அடி. நான் தரையில் உட்கார்ந்து கத்திவிட்டேன்.

மலர்க்கொடி ஓடிவந்தாள். "என்னங்க, கேக்குதா?"

பயந்துபோய் வந்தவள் கேட்கிற கேள்வியா அது? "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

அவள் என்னைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். கை எட்டுகிற தூரத்தில் தட்டு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டாளோ என்னவோ.

"அன்னிக்கு அண்ணன் தண்ணி தொடைக்கிறப்ப சொன்னாரு. டாக்டரு அப்பவே சொன்னாராம், நரம்பு நல்லாத்தான் இருக்கு, வழிதான் அடைஞ்சு போச்சு, எலும்பு வழியாப் போனா கேக்கும்னு. 'இவன்கிட்ட பேச்ச எடுத்தாலே அடிக்க வரான் தங்கச்சி. ஜோடி வரட்டும். நான் கெடுத்த காதுல நானே கேக்க வச்சிட்டு அப்புறம் சொல்லிடறேன்'னாரு. நான் எங்க போயி உங்ககிட்ட சொல்றது? அவரு போனப்புறம் காதுன்னு வாயத் தொறக்க முடிஞ்சுதா இந்த வூட்டுல?"

"எதைச் சொல்லிடறேன்னான்?"

"அது எனக்கு என்னங்க தெரியும்? ஜோடி வந்ததும் சொல்லிடறேன்னாரு. அவ்வளவுதான்."

படுபாவி. ஸ்டீரியோ எனக்கெதற்கு என்று லப்பைக்குடிக்காட்டிலிருந்து வழியெல்லாம் திட்டினேனே, அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே? 'அந்தச் செத்த காதுல வச்சிப் பாருடா' என்பதுதானா உனக்குத் தெரிந்த பக்குவம்? அதற்குமுன் ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனே. நீயும் காலையில் அரியலூர் போயிருக்க மாட்டாய். இப்போதும் உன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது.

பாட்டு முடியும்வரை அப்படியே இருந்தேன். பிடி அழுந்திக் காதுக்குப் பின்னால் தோல் கன்றிவிட்டது. மலர்க்கொடி அந்த இடத்தில் எண்ணெய் தடவிக்கொண்டே, கடைக்காரன் மனைவியாக ஒரு கேள்வி கேட்டாள். "எதக் கட்டுனாலும் வார்னிஷ்ல முக்கிக் காய வைப்பீங்களே, இத முக்கலையா?"

முக்கினால் வார்னிஷ் இடுக்கெல்லாம் இறங்கிக் காய்ந்து தகடுகளைப் பிடித்துக்கொள்ளும். ரீங்காரம் அடங்கிவிடும். வலது பக்கத்து இரும்பை அப்படித்தான் செய்தேன், அது வாயைத் திறப்பதில்லை.

"வேணாம்," என்றேன். "இது கத்தட்டும்."